குமரி மாவட்ட மக்கள்தொகை: 2011-க்குப் பிறகு எந்த எண்ணை வைத்துத் திட்டம் போடுவது?

கேள்வி: வேளிமலை

எல்லாருக்கும் வணக்கம். திருவட்டாறு தாலுகாவில் ஒரு ஊராட்சிக்கான வளர்ச்சித் திட்ட வரைவில் மக்கள்தொகைப் பகுதியை எழுத வேண்டியிருக்கு. குடிநீர், அங்கன்வாடி, முதியோர் கவனிப்பு மூணுக்கும் அந்தப் பகுதிதான் அடிப்படை. கையில் இருப்பது 2011 கணக்கெடுப்பு மட்டும். மாவட்டத்துக்கு 18,70,374 பேர். அடுத்த கணக்கெடுப்பின் கணக்கு நாள் 2027 மார்ச் 1. அதன் விவரம் ஊராட்சி அளவுக்கு இறங்கி வரும்வரை காத்திருக்க முடியாது.

2001-2011 வளர்ச்சி விகிதமான 11.6 சதவீதத்தை அப்படியே நீட்டி இன்றைய எண்ணைச் சொல்லலாமா? பள்ளிகளில் ஒண்ணாம் வகுப்புச் சேர்க்கை குறையுது, பூட்டிக் கிடக்கும் வீடுகள் கூடுது, ஆனால் ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் ஆள் குறையவில்லை. எதை நம்புவது? இன்னொன்று: மாவட்டத்தில் 82 சதவீதம் நகர்ப்புறம் என்கிறது கணக்கெடுப்பு. ரப்பரும் தென்னையும் நிற்கிற இடம் எப்படி நகரமாச்சு?

பதில் 1: பழையாறு

நீட்டக்கூடாது. ஏன் என்று கணக்கே சொல்லும்.

1991-இல் 16,00,349. 2001-இல் 16,76,034. 2011-இல் 18,70,374. முதல் பத்தாண்டில் 4.73 சதவீதம், அடுத்ததில் 11.60. முதல் விகிதத்தை 2026 வரை நீட்டினால் சுமார் 20 லட்சம் வரும். இரண்டாவதை நீட்டினால் சுமார் 22 லட்சம். இருபதாண்டுச் சராசரியைப் பிடித்தால் 21 லட்சம். எந்தப் பத்தாண்டைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே இரண்டு லட்சம் பேர் வித்தியாசம். இது மாவட்ட அளவில். ஓர் ஊராட்சிக்கு இறங்கினால் விகிதப்படி பிழை இன்னும் பெருகும்.

11.6 என்ற எண்ணையும் சந்தேகத்தோடுதான் பார்க்கணும். அந்தப் பத்தாண்டில் குமரியில் பிள்ளை பிறப்பு கூடவில்லை. 2011-இல் 0-6 வயதுக் குழந்தைகள் 1,82,350, அதாவது மொத்தத்தில் 9.75 சதவீதம். மாநிலத்தில் அதே பங்கு 10.3 அளவு. பிறப்பு குறைந்துகொண்டே வரும் மாவட்டத்தில் வளர்ச்சி இரண்டரை மடங்கு ஆவதற்குக் காரணங்கள் மூன்றுதான்: வெளியே போவது குறைந்திருக்கணும், வெளியிலிருந்து வந்திருக்கணும், அல்லது 2001-இல் ஆள் விட்டுப்போயிருக்கணும். இதைச் சோதிக்க வழி இருக்கு. கணக்கெடுப்பின் சி-14 அட்டவணையில் ஐந்தாண்டு வயதுப் பிரிவுகள் இருக்கும். 2001-இல் 0-4 வயதில் இருந்தவர்கள் 2011-இல் 10-14. நடுவில் சாவு போக எண்ணிக்கை சற்றுக் குறையணும். கூடியிருந்தால் ஒன்று குடும்பத்தோடு வந்து குடியேறியிருக்காங்க, இல்லையேல் 2001-இல் சின்னப் பிள்ளைகளைச் சரியாக எண்ணவில்லை. நம் நாட்டுக் கணக்கெடுப்பில் கைக்குழந்தைகள் விட்டுப்போவது வழக்கமான பிழை.

அதே முறையில் 2001-இன் 10-14 வயது ஆண்களையும் 2011-இன் 20-24 வயது ஆண்களையும் ஒப்பிடுங்க. இந்த வயதில் சாவு மிகக் குறைவு. நூற்றுக்கு 98, 99 பேர் இருக்கணும். உதாரணத்துக்கு 82 பேர்தான் இருக்காங்க என்று வந்தால், 16, 17 பேர் வெளியே போனவர்கள். பெண்களுக்குத் தனியாகப் போடணும், கல்யாணப் பெயர்ச்சி அதில் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்று மற்றதை மறைத்துவிடும்.

மேல்வரம்புக்கு இன்னொரு பிடி: மாதிரிப் பதிவு முறைப்படி 2020-இல் தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 13.8, இறப்பு 6.1. இயற்கைப் பெருக்கம் ஆயிரத்துக்கு 7.7. கருவள விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள், 1.4; ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுகட்ட வேண்டிய அளவு 2.1. குமரி மாநிலச் சராசரியைவிட வயது கூடிய மாவட்டம், ஆகவே இங்கே பிறப்பு அதைவிடக் குறைவாகவும் இறப்பு கூடுதலாகவும் இருக்கவே வாய்ப்பு. வெளியே போகிறவர்களைக் கழிக்கும் முன்பே ஆண்டுக்கு 0.77 சதவீதம்தான் என்றால், 22 லட்சம் என்று எழுதுவதற்கு அடிப்படையே இல்லை. வரைவில் ஒரே எண்ணாக எழுதாதீங்க. தாழ்வு, நடு, உயர்வு என மூன்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எடுத்த அனுமானத்தை அடியில் சொல்லுங்க.

பதில் 2: வள்ளியாறு

பழையாறு அண்ணன் சொன்ன வயதுப் பிரிவு ஒப்பீட்டில் ஒன்று கவனிக்கணும். கணக்கெடுப்பில் வயது சொல்லும்போது 30, 35, 40, 60 என்று முழு எண்ணாகச் சொல்வது நிறைய. சி-13 அட்டவணையில் ஒவ்வொரு வயதுக்கும் தனி எண் இருக்கும். 23 முதல் 62 வரையுள்ள மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து, 0-இலும் 5-இலும் முடியும் வயதுகளின் கூட்டலை அதால் வகுத்து 100-ஆல் பெருக்குங்க. 100 வந்தால் வயது சுத்தம். 150-க்கு மேலே போனால் அந்த வயதுப் பிரிவுகளை நம்பி நுட்பமான முடிவு எடுக்கக்கூடாது. படிப்பறிவு 91.75 சதவீதம் உள்ள மாவட்டம் என்பதால் இளையவர்களிடம் இது பெரிதாக வராது. அறுபதைத் தாண்டியவர்களிடம்தான் கூர்ந்து பார்க்கணும். முதியோர் திட்டமும் அந்த எண்ணில்தானே நிற்குது.

இனி பிறப்பு, இறப்புப் பதிவேடு. பலரும் இதைத்தான் முதலில் எடுப்பாங்க. குமரியில் இது ரொம்பவே ஏமாற்றும். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு, தாய் குடியிருக்கும் ஊரில் அல்ல. மேற்கே களியக்காவிளைப் பக்கத்துக் குடும்பங்கள் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் மருத்துவமனைகளுக்குப் போவாங்க; அந்தப் பிறப்பு கேரளக் கணக்கு. கிழக்கே இராதாபுரம், வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வந்து பெறுகிறவர்கள் இந்த மாவட்டக் கணக்கு. மாவட்டத்துக்குள்ளேயே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியும் பெரிய தனியார் மருத்துவமனைகளும் உள்ள உள்ளாட்சிகளில் பிறப்பு குவியும். மலையோர ஊராட்சிகளில் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். உங்க ஊராட்சிப் பதிவேட்டில் ஆண்டுக்கு நாலு பிறப்பு இருக்குன்னா அங்கே நாலு பிள்ளைதான் பிறந்ததுன்னு அர்த்தமில்லை. இறப்பிலும் இதேதான். புற்றுநோய், இதய நோய்க்குத் திருவனந்தபுரம் போய் அங்கேயே இறப்பவர்கள் அந்த ஊர்ப் பதிவில் இருப்பாங்க.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. வளைகுடாவில் பிறந்த பிள்ளையை, பெற்றோர் நாடு திரும்பிக் குடியமர்ந்தால் வந்த 60 நாளுக்குள் இங்கே பதியலாம் என்று அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்லுது. பதிவேட்டில் அது பிறப்பாகத் தெரியும். திட்டத்துக்கு அது வெளியிலிருந்து வந்து சேர்ந்த வரவு.

ஊராட்சி அளவில் பிறப்புக்கு நம்பகமானது கிராம சுகாதார செவிலியரின் கர்ப்பிணிப் பதிவு. பிறப்புச் சான்றிதழுக்கே பிக்மி எண் (கர்ப்பிணிப் பதிவு எண்) கேட்கிறதால தனியாரிடம் பார்ப்பவர்களும் அதில் வந்துவிடுறாங்க. ஆனால் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறவர்களைக் கவனமா பாருங்க. ஊருக்கு வந்து பெற்றுவிட்டுப் போகிறவர்களை நீக்கணும், ஊரிலிருந்து போய்ப் பெற்றுத் திரும்புகிறவர்களைச் சேர்க்கணும். ஓராண்டு எண்ணை வைக்காதீங்க. சின்ன ஊராட்சியில் ஓராண்டு 40, மறு ஆண்டு 28 என்று சும்மாவே ஆடும். ஐந்தாண்டைக் கூட்டிச் சராசரி எடுங்க.

கருவளத்தைக் கணக்கெடுப்பிலிருந்தே தோராயமாக எடுக்க ஓர் எளிய வழி: 0-6 வயதுப் பிள்ளைகளின் எண்ணை 15-49 வயதுப் பெண்களின் எண்ணால் வகுத்து 5-ஆல் பெருக்கணும். ஏழு ஆண்டுப் பிறப்பு, முப்பத்தைந்து ஆண்டுப் பெண்கள், அதனால் ஐந்து. மாவட்டத்தில் பெண்கள் 9,44,029. அதில் 55 சதவீதம் அந்த வயதினர் என்று அனுமானித்தால் சுமார் 5,19,000. விடை 1.76 வரும். 55 என்பது என் அனுமானம். சி-14-இல் உள்ள சரியான எண்ணைப் போட்டு மாற்றிக்கோங்க. குழந்தை இறப்பைக் கணக்கில் எடுக்காததால் விடை கொஞ்சம் தாழ்வாகவே வரும்.

வேளிமலை

ரொம்ப நன்றி. செவிலியர் பதிவு என் யோசனையிலேயே இல்லை. இன்னும் இரண்டு தெளிவு வேண்டும். 2011 ஏட்டில் திருவட்டாறு என்ற தாலுகாவே காணோம். அப்புறம் அந்த 82 சதவீதம்.

பதில் 3: கோதையாறு

2011-இல் தாலுகா நான்குதான்: அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு. திருவட்டாறும் கிள்ளியூரும் பின்னால் பிரிந்தவை. ஆகவே புதிய தாலுகாவில் எந்த வருவாய்க் கிராமங்கள் சேர்ந்தன என்று அரசாணையைப் பார்த்து, 2011 ஏட்டில் பழைய தாலுகாக்களின் கீழ் அந்தக் கிராமங்களைத் தேடிக் கூட்டணும். மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டின் இரண்டாம் பகுதியில் கிராமவாரி எண் இருக்கு. இங்கே ஒரு சிக்கல்: குமரியில் வருவாய்க் கிராமம் பெரிது. ஒரே கிராமத்தின் ஒரு துண்டு பேரூராட்சியிலும் மற்றது ஊராட்சியிலும் இருக்கும். கையேட்டில் பேரூராட்சித் துண்டு நகரப் பட்டியலிலும், மிச்சம் கிராமப் பட்டியலிலும் தனித்தனியே வரும். பெயர் ஒன்றாக இருக்கேன்னு இரண்டையும் கூட்டி ஊராட்சி எண்ணாக எழுதிவிடக் கூடாது. கணக்கெடுப்பு எண்ணைப் பார்த்து மட்டும் கூட்டுங்க.

பழைய வரலாறு வேணும்னா கணக்கெடுப்பின் ஏ-2 அட்டவணையை எடுங்க. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் இது திருவிதாங்கூர்-கொச்சியின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் இருந்த தெற்குத் தாலுகாக்கள். ஏ-2-வில் 1901 முதல் இன்றைய மாவட்ட எல்லைக்கு ஏற்பச் சரிசெய்த எண்ணைப் பத்தாண்டுவாரியாகக் கொடுத்திருப்பாங்க. பழைய திருவிதாங்கூர் ஏடுகளை நேரடியாகக் கூட்டி வீணாக அலைய வேண்டாம்.

82.33 சதவீதத்துக்கு வருவோம். மாநிலத்தில் நகர்ப்புறம் 48.4 சதவீதம். சென்னையை அடுத்து குமரிதான். 2001-இல் இது 65 அளவில் இருந்தது. பத்தாண்டில் ஜனங்கள் நகரத்துக்குக் குடிபெயரவில்லை; இருந்த இடம் பெயர் மாறிச்சு. நகரம் இரண்டு வகை. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாம் சட்டப்படி நகரம், அங்கே என்ன தொழில் நடந்தாலும் சரி. கடையாலுமூடு, பொன்மனை, திற்பரப்பு எல்லாம் பேரூராட்சி. எனவே ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியும் நகரவாசி. இரண்டாவது வகை கணக்கெடுப்பு நகரம்: ஊராட்சியாகவே இருக்கும், ஆனால் 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் முதன்மைப் பணியாளரில் 75 சதவீதம் விவசாயம் சாராதவர் என்ற மூன்றும் நிறைந்தால் நகரமாக எண்ணப்படும். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட ஊர்கள் 2001-இல் 111, 2011-இல் 376.

குமரியில் முதல் இரண்டும் தானாகவே நிறையும். சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர், மாநிலச் சராசரியைப்போல் இரண்டு மடங்கு. அதிலும் சுமார் 500 சதுர கிலோமீட்டர் காடு. காட்டைக் கழித்தால் 1,580-ஐத் தொடும். மூன்றாவது நிபந்தனையில்தான் விஷயமே இருக்கு. கணக்கெடுப்பில் 'சாகுபடி' என்பதில் ரப்பர், தென்னை, பாக்கு, தேயிலை, காப்பி சேராது. தோட்டப் பயிரும் மீன்பிடியும் 'பிற பணியாளர்' வகையில் போய்விடும். தென்னந்தோப்பும் ரப்பர் விளையும் வைத்துப் பிழைக்கிறவர் இந்த ஏட்டில் விவசாயி அல்ல. நெல்லை விட்டு ரப்பருக்கு மாறிய ஊர் காகிதத்தில் விவசாயத்தை விட்ட ஊராகத் தெரியும். உங்க வரைவில் 'பிற பணியாளர் கூடியிருக்காங்க, ஆகவே தொழில்மயமாகுது' என்று யாராவது எழுதினால் அடிச்சுடுங்க.

கணக்கெடுப்பு நகரம் என்றாலும் நிர்வாகம் ஊராட்சிதான். நிதியும் குடிநீர் அளவும் அதன்படியே. ஊரகக் குடிநீர்த் திட்டமான ஜல் ஜீவனில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். பேரூராட்சியில் பாதாளச் சாக்கடை இல்லாத குழாய்த் திட்டத்துக்கு 70. எந்த எண்ணைப் பெருக்குவது என்பதை உள்ளாட்சி வகை பார்த்து முடிவு பண்ணுங்க.

பதில் 4: தூண்டில்வளைவு

கடற்கரை ஊர்களுக்கும் இதே கேள்வி வரும் என்பதால் சேர்த்துச் சொல்றேன். மாவட்டத்தில் ஆயிரம் ஆணுக்கு 1,019 பெண். இதைப் பெண்குழந்தை வரவேற்பின் அடையாளம் என்று மேடையில் சொல்லிவிடுகிறார்கள். 0-6 வயதில் 92,835 ஆண், 89,515 பெண்; அதாவது ஆயிரத்துக்கு 964. பிறக்கும்போது ஆண்தான் சற்றுக் கூடுதல். மேலே பெண் கூடுவதற்குக் காரணம் பெண்கள் நீண்ட நாள் வாழ்வதும், உழைக்கும் வயது ஆண்கள் ஊரில் இல்லாததும்.

2011-இல் கணக்கெடுத்தது பிப்ரவரி 9 முதல் 28 வரை. வழக்கமாக அந்த வீட்டில் வசிப்பவர், அந்த நாட்களில் எப்போதாவது வீட்டில் இருந்தால் சேர்ப்பாங்க. முழுக் காலமும் வெளியே இருந்தால் அந்த வீட்டில் எழுத மாட்டாங்க. வளைகுடாவில் நிற்பவர்கள் மொத்தமாக வெளியே. நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரையுள்ள ஊர்களில் தங்கு கடல் தொழில், அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது. பலரும் கொச்சி, முனம்பம் துறைமுகங்களிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள். பிப்ரவரி அவர்களுக்கு முழுத் தொழில் காலம். மூன்று வாரத்துக்கும் மேல் கரை திரும்பாதவர் வீட்டுக் கணக்கில் விடுபட வாய்ப்பு நிறைய. உள்ளூர்க் கணக்கு எடுப்பதென்றால் மேற்குக் கடற்கரைத் தடைக்காலமான ஜூன் 1 முதல் ஜூலை 31-க்குள் எடுங்க. ஆள் வீட்டில் இருப்பார்.

ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் பற்றிக் கேட்டிருந்தீங்க. இரண்டும் உரிமைப் பட்டியல்கள். வெளிநாட்டில் நிற்பவர் பெயரை எடுக்க எந்தக் குடும்பமும் அவசரப்படாது. இறந்தவர் பெயர் தாமதமாகத்தான் நீங்கும். வாக்காளர் பட்டியலில் 18-க்குக் கீழே யாருமே இல்லை. பட்டியலில் தீவிரத் திருத்தம் நடந்த பிறகு எண் சட்டென்று குறைந்தால் அது மக்கள் போனதால் வந்த சரிவு அல்ல, பெயர் நீக்கியதால் வந்தது. வரைபடத்தில் போட்டால் பொய் சொல்லும்.

வந்து சேருபவர்களையும் மறக்காதீங்க. கட்டட வேலை, செங்கல் சூளை, துறைமுகம் என்று வடமாநிலத் தொழிலாளர்கள் வந்திருக்காங்க. கொட்டகையில் பத்து ஆண்கள் தங்கினால் அது கணக்குக்கு ஒரு 'வீடு'. அவர்களுக்குத் தண்ணீர் வேணும், சுகாதாரம் வேணும், அங்கன்வாடி பெரும்பாலும் வேண்டாம். ஆகவே மொத்தத் தலைக்கணக்கை எல்லாத் திட்டத்துக்கும் ஒரே மாதிரிப் பெருக்குவது தப்பு.

2004 சுனாமிக்குப் பிறகு கட்டிய குடியிருப்புகளால் கடலோர வார்டுகளிலிருந்து உள்ளே போனவர்கள் உண்டு. 2001-2011 வார்டுவாரி ஒப்பீட்டில் ஒரு வார்டு மெலிந்து பக்கத்து வார்டு பெருத்தால் முதலில் இதைச் சரிபாருங்க.

பதில் 5: பழையாறு

வேளிமலை, இனி வேலையை இப்படி வைத்துக்கோங்க. ஓர் ஊராட்சிக்கு வீடுவாரிக் கணக்கு எடுப்பது சாத்தியம்தான். கிராம சபையில் தீர்மானம் போட்டு, சுய உதவிக் குழு உறுப்பினர்களை வைத்து வார்டு வார்டாக முடிக்கலாம். படிவத்தை நீட்டாதீங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசிப்பவர்களின் வயதும் பாலினமும், வெளியூரில் வெளிநாட்டில் நிற்பவர்களின் வயதும் பாலினமும் தனிக் கட்டத்தில், கடந்த ஐந்தாண்டில் அந்த வீட்டில் பிறப்பும் இறப்பும். இவ்வளவு போதும். வயதை ஆதார் அட்டையில் பார்த்துப் பிறந்த ஆண்டாக எழுதச் சொல்லுங்க, முழு எண் சிக்கல் குறையும்.

பூட்டிய வீட்டுக்குத் தனிக் குறி வையுங்க. இதில் மூன்று வகை வரும்: யாரும் இல்லாமல் பூட்டியது, விடுமுறைக்கு மட்டும் திறப்பது, வாடகைக்கு விடக் கட்டி ஆள் வராதது. வீட்டு எண்ணிக்கையைச் சராசரிக் குடும்ப அளவால் பெருக்கி ஆள் கணக்குப் போடுகிற பழக்கம் பொறியாளர்களிடம் உண்டு. பூட்டிய வீடு கூடிய மலையோரப் பகுதியில் அது நேராக மிகை மதிப்பீட்டில் கொண்டுபோய் விடும். தண்ணீர்த் தொட்டி பெரிதாகி, தண்ணீர் தேங்கிக் குளோரின் வீரியம் போவது வரைக்கும் இதன் விளைவு போகும்.

அங்கன்வாடிக்கு மொத்த மக்கள்தொகை வழி போகாதீங்க. விதிப்படி 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம். மலையில் 150-க்கு மேல் இருந்தால் குறு மையம். 1,000 பேர் உள்ள ஊரில் 0-6 பங்கு 10 சதவீதமாக இருந்தால் 100 பிள்ளை, 7 ஆனால் 70. அதில் மழலையர் பள்ளி வேனில் ஏறிப் போகிறவர்களைக் கழித்தால் மையத்துக்கு வருவது இன்னும் குறைவு. மையத்தை மூடச் சொல்லி இதை எழுதவில்லை. எஸ்டேட் குடியிருப்பிலும் காணிப் பழங்குடிக் குடியிருப்பிலும் பிள்ளை எண்ணிக்கை சின்னதாக இருந்தாலும் வேறு வழியே இல்லாத பிள்ளைகள் அவர்கள். தூரத்தையும் வழியையும் எண்ணோடு சேர்த்து எழுதுங்க.

ஒண்ணாம் வகுப்புச் சேர்க்கையைப் பிறப்புக் குறைவின் அளவுகோலாக எடுக்கும்போது அரசுப் பள்ளியை மட்டும் பார்க்கக்கூடாது. யூடைஸ் என்ற பள்ளித் தகவல் தரவில் அரசு, உதவிபெறும், தனியார் மூன்றையும் கூட்டினால்தான் பிள்ளை குறைந்ததா, பள்ளி மாறினதா என்று பிரியும். குமரியில் உதவிபெறும் பள்ளிகள் நிறைய என்பதால் இந்தக் கூட்டல் இங்கே கட்டாயம்.

முதியோர் பகுதிக்குத்தான் அதிக இடம் ஒதுக்கணும் என்பது என் உறுதியான கருத்து. மத்திய அரசின் கணிப்புப்படி தமிழ்நாட்டில் 60 தாண்டியவர்கள் 2021-இல் 13.6 சதவீதம், 2031-இல் 18.2. கேரளத்துக்கு அடுத்த இடம். இளையவர்கள் வெளியே நிற்கும் ஊராட்சியில் அந்தப் பங்கு இதைவிடக் கூடும், ஏனென்றால் வகுக்கும் எண்ணிலிருந்து இளையவர்கள் கழன்றுவிடுகிறார்கள். சதவீதத்தோடு நிற்காமல் மூன்று எண்ணைத் தனியாக எடுங்க: 80 தாண்டியவர்கள், தனியாக வாழும் 60 தாண்டிய பெண்கள், இருவருமே 70 தாண்டி வேறு யாரும் இல்லாத தம்பதியர். மக்களைத் தேடி மருத்துவம் குழுவின் வீட்டுவழிப் பார்வை, நோய்த்தணிப்புச் செவிலியர், உதவித்தொகை எல்லாம் இந்த மூன்று பட்டியலில்தான் போய்ச் சேரணும்.

கடைசியாக, நீங்க எடுக்கும் கணக்கின் தேதியை ஒவ்வொரு அட்டவணையிலும் எழுதுங்க. 2027 எண் வெளிவந்ததும் ஒப்பிடும்போது, உங்க படிவத்தில் வெளியே நிற்பவர்கள் தனிக் கட்டத்தில் இருப்பதால் அவர்களைக் கழித்த எண்தான் அதோடு பொருந்தணும். நூற்றுக்கு மூன்று நான்குக்கு மேல் வித்தியாசம் வந்தால், எந்த வார்டில் என்று முதலில் பாருங்க. எல்லைத் துண்டு மாறிப்போயிருக்கும் வாய்ப்பே அதிகம்.